இன்டிஸ்க் படம்

"இந்தியப் படம்தான் ஐயா! வெளியிலை டெனிஷிலை 'இன்டிஸ்க்' எண்டு ஒட்டியிருக்கு. பாட்டும் பகிடியும் எண்டும் கிடக்கு" என்று அடித்துச் சொன்னான் அந்தோனிதாசன்.

அதைக் கேட்டுத்தான் குணசேகரம் மகள் ராசமலரோடு வைலே நகர நூலக மண்டபத்துக்கு வந்திருந்தார். டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம். 'தக்' என்று நன்றி சொல்வதற்கு மேல் அவருக்கு டெனிஷ் வராது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலை முடிந்தால் சிநேகிதர் வீட்டில் காட்ஸ் விளையாட்டு என்று போய்விடுவார். டாக்டரிடமும் நகரசபையான கொம்யூன் கந்தோரிலும் அவருக்காகக் கதைப்பவன் அந்தோனிதாசன். அந்தப் போக்குவரத்தில்தான் ராசமலருக்கும் அவனுக்கும் மனம் ஒத்துப்போனது. ஆனால் அவன் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெடியன், அவரோ திருநீறு பூசாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்காதவர். பெண் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் தாடிக்காரர்கள் கறுப்புத் தொப்பியோடு ஆடினார்கள். அந்தோனிதாசனுக்குத் திக்கென்றது.

"என்ன தம்பி, எல்லாரும் வெள்ளையாய் இருக்கினம்?"

"காஷ்மீர்ப் பக்கம் ஐயா. குளிர்தானே."

கதை என்னவோ நம்மூர்க் கதைதான். பாண் பேக்கரிக்காரரின் மகளுக்குக் கிளாரினெட் வாசிப்பவன்மேல் காதல். தரகர் ஒரு பணக்காரக் கிழவனைக் கூட்டி வருகிறார். ஆளுக்கொரு பாட்டு. அந்தோனிதாசன் கீழே ஓடிய டெனிஷ் எழுத்தில் பாதியை வாசித்தும் மீதியை இட்டுக்கட்டியும் அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

பேக்கரிக்காரர் மாவுருண்டையைத் தூக்கிக் காதலன் முகத்தில் எறிந்தார். 'செத்தாலும் உனக்குப் பெண் தரமாட்டேன்' என்று கீழே எழுத்து ஓடியது.

"என்னவாம்?" என்றார் குணசேகரம்.

அந்தோனிதாசன் மாதாவை நினைத்துக்கொண்டான். "'சமயம் வேறை எண்டால் என்ன, பெடியன் நல்லவன், மகளைத் தாறன்' எண்டுறார் ஐயா."

"அப்ப ஏன் மாவாலை எறியிறார்?"

"அது... சந்தோசத்திலை. அவையின்ரை முறை."

ராசமலர் மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் முடிந்தது.

வாசலில் டிக்கெட் கிழித்த டெனிஷ்காரி சிரித்தபடி ஏதோ கேட்டாள். வழக்கம்போல அவருக்காகப் பதில் சொல்ல அந்தோனிதாசன் முன்னே வந்தான்.

அதற்குள் குணசேகரம் தடுமாறாத டெனிஷில் சொன்னார். "நல்ல படம் அம்மா. ஆனால் என் மருமகன் சொன்ன கதை அதைவிட நல்லது."

பிறகு அந்தோனிதாசன் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, அது 'இன்டிஸ்க்' இல்லை, 'யிடிஸ்க்'. யூத ஆக்களின்ரை பாசை. காட்ஸ் விளையாட எண்டு சொல்லிப்போட்டு நான் போனது டெனிஷ் வகுப்புக்கு. உம்மடை டெனிஷை நம்பியே உம்மை டாக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான்? பிள்ளைக்கு உம்மைப் பிடிச்சிருக்கு, நீர் வீட்டுப் பக்கம் வந்து போக வேணும் எண்டுதான்!"