கொக்கு எழுதிய புத்தகம்

ஊர்க்கோடி அடிபம்பில் வாஷர் தேய்ந்துபோய், எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வந்தது. செவலை என்ற வெள்ளாடு தன் குட்டியோடு கல்குவாரிப் பள்ளம் வரை நடந்து, கலங்கல் தண்ணீரைக் குடித்து வந்தது. குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் தண்ணீர்ப் பஞ்சத்தை ஆராய ஒரு கொக்கு வந்தது.

“தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?”

“போகவர ஆறு மைலுங்க. இந்தப் பம்புக்கு ஒரு வாஷர் போட்டா போதுங்க,” என்றது செவலை.

“ஆமாங்க, ஒரே ஒரு வாஷர்,” என்றது பம்பு.

கொக்கு படிவத்தை மேலும் கீழும் பார்த்தது. “வாஷருக்கு இதில் கட்டம் இல்லையே. நடக்கும்போது மனநிலை எப்படி? மகிழ்ச்சியா, சுமாரா, வருத்தமா?”

செவலை குட்டியைப் பார்த்துவிட்டு, “வருத்தம்தாங்க,” என்றது. கொக்கு அக்கறையாகக் குறித்துக்கொண்டது.

ஆறு மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது குட்டி செத்துப்போயிருந்தது. கொக்கு ஒரு தடித்த புத்தகத்தைச் செவலையின் முன் வைத்தது. அட்டையில் செவலையும் குட்டியும் நடந்துபோகும் படம்.

“மாநாட்டில் எல்லோரும் கண் கலங்கிவிட்டார்கள்,” என்றது கொக்கு.

“வாஷர்?” என்று கேட்டது பம்பு.

“கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைப்பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.” சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துபோனது.

செவலை அட்டையில் இருந்த குட்டியை ஒருமுறை நக்கியது. பிறகு அட்டையை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே இருந்த பக்கங்களையெல்லாம் தின்று தீர்த்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டது பம்பு.

“நல்ல தாள்தான். ஆனா தின்னதும் ரொம்பத் தண்ணி தவிக்குது,” என்றது செவலை.