தைம் தேய்த்த விரல்கள்

நுனியை மட்டும் கிள்ளினான்.

தைம் செடியை அடிக்கட்டை வரை வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. தண்ணீர் கூடினாலும் கோபித்துக்கொண்டு செத்துப்போகும். கோத்தகிரி மழைக்குப் பயந்து, சரளைக்கல் கொட்டி மேடாக்கிய பாத்தியில் வைத்திருந்தான்.

இலை ஒவ்வொன்றும் அரிசியளவு. விரலிடுக்கில் நசுக்கியதும் ஓமத்துக்குத் தங்கை மாதிரி ஒரு வாசனை எழுந்தது.

சமையலறைப் படியில் அவன் மனைவி காத்திருந்தாள். அந்த விருந்தினர் பங்களாவில் அவள் சமையல். அவன் தோட்டம். பதினெட்டு வருடம்.

விரல்களை அவள் மூக்கருகே கொண்டுபோனான்.

கண்ணை மூடி இழுத்தாள்.

இல்லையென்று தலையாட்டினாள்.

மார்கழியில் வந்த காய்ச்சல். இருமலுக்குத் தைமைக் கொதிக்கவைத்து, தேன் விட்டு, வேளை தவறாமல் கொடுத்தான். இருமல் போனது. போகிற போக்கில் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தினமும் இரண்டு வேளை, ஒரே வாசனையைக் காட்டிப் பாருங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரலாம். வராமலும் போகலாம்.

மூன்று மாதமாகக் காட்டுகிறான்.

கையளவு தைம் போட்டு அவள் வைக்கும் ஆட்டுக்கால் சூப்புக்காகவே மறுபடி வருகிறவர்கள் உண்டு. போன வாரம் அந்தச் சூப்பு அடிப்பிடித்துத் தீய்ந்தது. அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். புகை கண்ணைக் கரித்த பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. நாளையோடு சமையலறைச் சாவியை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். முதலாளியம்மாதான் ஒரு வாரம் பொறு என்றிருந்தாள்.

அந்த வாரம் இன்றோடு முடிகிறது.

சாயங்காலம் அவன் மோட்டார் அறைக்குப் பின்னால் போனான். ஒரு பீடி. மனசு ஆறவில்லை. இன்னொன்று.

நெஞ்சுச் சளியில் அவன் படுத்து எழுந்த வருடம், இனி பீடியைத் தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன்தான். சத்தியத்துக்குப் பிறகும் எப்போதாவது ஒன்று. குடித்த கையோடு பாத்திக்குப் போய்த் தைமைக் கிள்ளித் தேய்த்துக்கொள்வான். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. செடியின் சாமர்த்தியம் என்று நம்பினான்.

இந்த மூன்று மாதத்தில் எப்போதாவது என்பது தினமும் என்றாகியிருந்தது. அவள் மூக்கு படுத்த பிறகு அவன் பீடி எழுந்து நடமாடுகிறது. நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பாத்தியில் குனிந்தான். வழக்கம்போல விரல் பச்சையாகும்வரை தேய்த்தான். படிக்கு வந்தான்.

சாவி அவள் மடியில் கிடந்தது.

கடைசித் தடவை என்று இருவருமே சொல்லவில்லை. விரல்களை நீட்டினான்.

கண்ணை மூடி இழுத்தாள்.

புருவம் சுருங்கியது. மறுபடி இழுத்தாள்.

“ஏங்க, பீடி குடிச்சீங்களா?”

கை அப்படியே நின்றது.

“மேலாக்கத் தைமைத் தேச்சுட்டா எனக்குத் தெரியாதுன்னு எத்தனை வருசமா நெனச்சுட்டு இருக்கீங்க? டாக்டர் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நெஞ்சு தாங்காதுன்னு. நான் ஒருத்தி...”

நிறுத்தினாள்.

கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, விரல்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“தைமும் வருதுங்க.”

இப்போது அழுதாள்.

அவனுக்குப் படி தெரியவில்லை, பாத்தி தெரியவில்லை, எல்லாம் கலங்கிப் போயிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் இருக்க மாட்டான்.

சாவி படியில் விழுந்து கிடந்தது.

இன்னும் கொஞ்சம் திட்டு வாங்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

மற்றக் கையையும் நீட்டினான்.