எதிர்ப்பக்கத்து நாரை

"என் ரெண்டு பக்கத்துல ஒண்ணைப் பிடுங்கி அந்த 'நாரை'க்குக் குடுத்துட்டாங்க, அத்தை!"

பத்திரிகையில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதும் மருமகன், புது இதழைச் சமையல் மேடையில் வீசினார். அவர் காலையில் பிடித்துவந்த மீனை ஆய உட்கார்ந்த மாமியார் நிமிர்ந்தார்.

"யாரு மாப்ளே, அந்த ஆளு?"

"யாருக்குத் தெரியும்? புனைபெயர். விடியக்காலையில குளிர்ல விறைச்சு உக்காந்து, மண்புழு மாட்டுங்கன்னு நான் எழுதுறேன். எதிர்ப்பக்கத்துல அவன், இந்த வாரம் மீன் தட்டான்பூச்சிதான் தின்னுதுன்னு, மீனோட கூடப் பொறந்தவன் மாதிரி எழுதுறான். அவன் பேச்சைக் கேட்டவனுக்கெல்லாம் மீன் மாட்டுது! வயிறு எரியுது அத்தை."

"தண்ணிக்குள்ள போய்ப் பாத்திருப்பாரோ?"

"அடுப்படியில இருக்கிற உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!"

"சரி, குளிச்சிட்டு வாங்க மாப்ளே."

அவர் தலை மறைந்ததும் மாமியார் மீனின் வயிற்றைக் கீறி, இரைப்பையைப் பிதுக்கிப் பார்த்தார். உள்ளே பொடிப்பொடி நத்தைகள். கையைக் கழுவிக்கொண்டு, உப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்த பேனாவை எடுத்து எழுதினார்:

'அன்பு வாசகர்களே, இந்த வாரம் மீனுக்கு நத்தைமேல்தான் ஆசை. எதிர்ப்பக்கத்துக்காரரை நம்பி மண்புழு மாட்டாதீர்கள். – நாரை.'