ஹேண்டில் சரியில்லை

“இந்த வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன் சார்” என்றார் பரமசிவம்.

திங்கட்கிழமை. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ரெக்ஸ் வழக்கம்போல பைக்கை நடைபாதைத் திட்டை ஒட்டி நிறுத்தி, இடப்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தான். அப்படிப் பிடித்தால்தான் பரமசிவம் மடங்காத வலது காலைத் தாண்டிப் போட்டு உட்கார முடியும்.

“ஏன், என்ன ஆச்சு?”

“என்னத்த சொல்ல? தகர டப்பா கணக்கா சத்தம். ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பாத்துச் சிரிக்கான். எனக்கும் மானம் மரியாதை இருக்குல்லா? நான் கம்பெனி பஸ்லயே போயிக்கிடுதேன்.”

பின்னால் வந்த முனிவேல் ரெக்ஸைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான். “என்ன குரு, ஓசி டிக்கெட்டே உன் வண்டி வேணாங்குது!”

பரமசிவம் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடந்தார். கம்பியைப் பிடித்து ஏறி, வலது காலைப் பேன்ட்டோடு கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இரும்பு விழுந்து அவருக்கு முட்டி இறுகிவிட்டது. இங்கே பேக்கிங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை. கெலமங்கலம் ரோட்டில் ரெக்ஸ் போகிற வழியில்தான் வீடு. ஒரு மழை நாளில் ரெக்ஸ்தான் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டான். பிறகு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, பின்சீட்டின் வலது ஃபுட்ரெஸ்டுக்குக் கீழே, நீட்டிய காலை வைத்துக்கொள்ள ஓர் இரும்புத் துண்டை ஒட்டவைத்தான்.

வீட்டில் மனைவி டெல்பினிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“தகர டப்பாவா? அவரா சொன்னாரு?”

“எல்லார் முன்னாலயும்.”

“இவருக்காகத்தானே நீங்க புது வண்டியே வேணாம்னீங்க?”

ரெக்ஸ் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.

அந்தப் புது ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக்கைப் போன மாதம் ஷோரூமில் ஓட்டிப் பார்த்தபோது இறங்க மனம் வரவில்லை. பழையது மலையேறினால் சூடாகி நின்றுவிடும். இது சிக்மகளூர்வரை சிரமப்படாமல் போகும். டெல்பினை அங்கே கூட்டிப்போவதாகக் கல்யாணமான புதிதில் சொன்னது இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆனால், புது வண்டியில் பின்சீட்டு உயரம். முட்டியை நன்றாக மடக்கினால்தான் ஃபுட்ரெஸ்டில் கால் வைக்க முடியும். அதில் எதையும் ஒட்டவைக்க முடியாது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

“காரணத்த யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல. ஹேண்டில் சரியில்ல, முதுகு வலிக்குதுன்னு சொல்லிட்டேன்.”

“அவர்கிட்டயும்?”

“அவர்கிட்டயும் அதேதான்.”

“கொஞ்சமாவது நன்றி இருக்கா பாருங்க.”

புதன்கிழமை கேன்டீனில் பரமசிவம் எதிரே வந்தார். ரெக்ஸ்தான் பேச்சுக் கொடுத்தான்.

“பஸ் வசதியா இருக்கா?”

“எனக்கென்ன, ராஜா மாதிரி போறேன். நீங்க அந்த டப்பாவை இன்னும் விக்கலியா?”

பக்கத்து மேசையில் சிரிப்பு எழுந்தது. ரெக்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனான்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவரைப் பார்த்தான். பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கிருந்து உள்ளே தெருவரை அவர் காலை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார். ரெக்ஸ் வேகத்தைக் குறைத்தான். தகர டப்பா. மறுபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.

கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இனி யாருக்காகவும் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டாம். நினைத்தபோது மனசு லேசானது. அப்படி லேசானது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் டெல்பினோடு ஷோரூமுக்குப் போனான். சேல்ஸில் இருக்கிற ஸ்ரீராம் ஓடி வந்தான்.

“வாங்க சார்! இந்த வாரம் கண்டிப்பா வருவீங்கன்னு அந்த அண்ணன் சொன்னாரு. அதே மாதிரி வந்துட்டீங்க.”

“எந்த அண்ணன்?”

“உங்க கம்பெனிதான் சார். ஒரு கால் மடங்காது. போன ஞாயித்துக்கிழமை வந்தாரு. ரெக்ஸ் சார் பாத்த வண்டி எதுன்னு கேட்டாரு. முதல்ல ஹேண்டிலைத்தான் பிடிச்சுப் பாத்தாரு. நல்லாத்தானே இருக்குன்னாரு.”

டெல்பின் ரெக்ஸைப் பார்த்தாள்.

“அப்புறம்?” என்றான் ரெக்ஸ்.

“பின்சீட்டுல ஏறிப் பாக்கணும்னாரு. ஸ்டூல் போட்டு நாங்க ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சும் காலை வைக்க முடியல. விடாம திரும்பத் திரும்ப ஏறினாரு சார். வேர்த்துக் கொட்டுச்சு. உக்கார வெச்சுத் தண்ணி கொடுத்தோம்.” ஸ்ரீராம் புக்கிங்குக்காக டேப்லெட்டைத் திறந்தான். “எந்தக் கலர் சார் போடட்டும்?”

கண்ணாடிக்கு வெளியே பழைய வண்டி நின்றது. ஒட்டவைத்த இரும்புத் துண்டில், செருப்பு தேய்த்துப் பெயின்ட் போன இடம் வெயிலில் மினுங்கியது.

“போகும்போது ஏதாவது சொன்னாரா?”

“சிரிச்சுக்கிட்டேதான் போனாரு சார். ‘நல்லபடியா சொன்னா அவரு எடுக்க மாட்டாரு தம்பி. நாளைக்கு நாலு பேரு முன்னால அந்தப் பழைய வண்டியத் திட்டப் போறேன். கோவத்துலயாவது வந்து வாங்கிருவாரு’ன்னாரு.”