சிவப்புக் குல்லா ஓட்டம்

“ஆரம்பிச்சுட்டார்யா அனந்த்!”

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஓடிவந்த அனந்த் நடுரோட்டில் பொத்தென்று விழுந்ததும், சுற்றி ஓடியவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் சிவப்புக் குல்லா மாட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஓடுவது மும்பை மாட்டுங்கா ஓட்டக் குழுவின் வழக்கம். சாமி யாருடையதானால் என்ன, முடிவில் கேக் நிச்சயம். பாங்க் ஆபீசர் அனந்துக்கு மட்டும் முழு வேஷம். ஒட்டுத் தாடி, தலையணைத் தொப்பை. வருஷா வருஷம் பாதி வழியில் படுத்துக்கொண்டு, “என் கலைமான் எங்கே? என்னால முடியலை!” என்று கத்துவார். எல்லாரும் இழுத்து எழுப்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் கத்தல் வரவில்லை.

பக்கத்தில் ஓடிவந்த மாரிக்கண்ணன்தான் முதலில் குனிந்து தாடியை இழுத்தான். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவன். தாடிக்குள் உதடு நீலம் பாரித்திருந்தது.

“ஏய், சிரிக்காதீங்க! நெசமாவே விழுந்துட்டாரு. தண்ணி கொண்டாங்க!”

சிரிப்பு செத்துப்போனது. குழுவின் தலைவர் பஞ்சு சார் தண்ணீர் தெளித்தார். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள்.

அப்போது பின்னாலிருந்து விஜயராணி வந்தாள். மாரிக்கண்ணனின் தெருக்காரி, தையல் வேலை செய்பவள். கீழே கிடந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். நிற்கவில்லை. அதுவரை ஓடியதைவிட வேகமாக ஓடினாள்.

“ஏளா ராணி, நில்லுளா! மனுசன் கெடக்காரு, கண்ணு தெரியலயா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குல்லாவின் வெள்ளைக் குஞ்சம் ஆட ஆட, தெருமுனையில் மறைந்தாள்.

“ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சே தீருவேன்னு நேத்தே சபதம் போட்டா” என்று பல்லைக் கடித்தான் மாரிக்கண்ணன். “அவ கால்ல கெடக்க ஷூவே அனந்த் சார் வாங்கிக் குடுத்ததுதான். அதப் போட்டுக்கிட்டே அவரத் தாண்டிப் போறா பாருங்க!”

“போகட்டும் விடு” என்றார் பஞ்சு சார். “சிக்னல்ல நின்னாக்கூட வாட்ச்சை நிறுத்திட்டு நிக்கற ஆள் நீ. ஆனா ஆபத்துன்னதும் நின்னுட்டியே. அதான்டா மனுஷத்தனம்.”

மாரிக்கண்ணன் குனிந்து அனந்தின் உள்ளங்கையைத் தேய்த்தான்.

சற்று நேரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணும், ஸ்ட்ரெச்சரும் பெட்டியுமாக இரண்டு ஆட்களும் ஓடிவந்தார்கள். தலையணையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நெஞ்சை அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே தெருமுனை நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள்.

“பரவால்ல, போன் போட்டதும் வந்துட்டாங்க” என்றார் ஒருவர்.

நர்சிங் ஹோம் வரவேற்பறையில் சின்னக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. பெஞ்சில் வரிசையாகச் சிவப்புக் குல்லாக்கள். அவற்றைக் கழற்ற வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

“அவ இந்நேரம் கேக் தின்னுக்கிட்டு இருப்பா” என்றான் மாரிக்கண்ணன். “இவளயெல்லாம் குரூப்ப விட்டே தூக்கணும் சார்.”

“தூக்கிடலாம்.”

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தார். அதே வெள்ளைக் கோட்டுப் பெண்.

“இதயம் திரும்பத் துடிக்குது. ஆனா மூளை எந்த நிலைமையில இருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. பிழைச்சாலும் பழைய மனுஷனா எழுந்திருப்பாரான்னு தெரியலை. அந்தப் பொண்ணு மட்டும் ஓடிவந்து எங்ககிட்ட சொல்லலைன்னா இதுவும் இல்லை.”

“எந்தப் பொண்ணு?”

டாக்டரம்மா கை காட்டினார். வராந்தாவின் கோடியில், ஐ.சி.யு. கதவோரம், தரையில் விஜயராணி உட்கார்ந்திருந்தாள். குல்லாவை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

“விஷயத்தைச் சொன்னதும் வாசல்லயே சுருண்டு விழுந்துட்டாங்க. அப்படி ஒரு ஓட்டம்.”

எல்லாரும் ஒவ்வொரு ஞாயிறும் தாண்டி ஓடும் நர்சிங் ஹோம்தான். ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

மாரிக்கண்ணன் போய் அவள் எதிரே குந்தினான்.

“ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடியிருக்கலாம்லா?”

“வாயத் தொறந்தா மூச்சு போயிரும்னு பயந்துட்டேன் அண்ணாச்சி.”

அவள் கையில் தாதரில் வாங்கிய மலிவு வாட்ச்சில் ஓட்டக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ இத நிறுத்தவே இல்லயா?”

“எங்க நெனப்பு இருந்துச்சு?” என்றாள் அவள். அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

“அவர் விழுந்தது சரியா எப்போ? மூளைக்கு எவ்வளவு நேரம் ரத்தம் போகலைன்னு கணக்குப் போடணும். யாருக்காவது தெரியுமா?”

“ஒரு மனுஷன் விழறப்போ எவனும்மா மணி பார்ப்பான்?” என்றார் பஞ்சு சார்.

மாரிக்கண்ணன் மெல்ல எழுந்தான். இடது கையை டாக்டரம்மாவிடம் நீட்டினான்.

“அவர் விழுந்தப்போ நிறுத்துனது இதுல இருக்கு. நொடி சுத்தமா இருக்கு.”

அனந்தின் தலை தரையில் மோதிய சத்தத்திலேயே இது நாடகமில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவரைத் தொடுவதற்கு முன்னால் அவன் விரல் தொட்டது வாட்ச்சைத்தான்.