குட்டி வயிறு

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சையால் இளைத்திருந்த கணவருக்கு மீண்டும் எடை கூடிவிட்டது. மறுபடியும் கத்தி வைக்க நேருமோ என்று அஞ்சிய மனைவி, அவரையும் அழைத்துவந்து மருத்துவரிடம் பொரிந்து தள்ளினாள்.

“ஆபீஸ்ல ஒளிஞ்சு திங்கிறாரு டாக்டர்! கேட்டா வாயே திறக்கறதில்ல!”

“வீட்டுல என்ன கொடுக்கறீங்க?”

“குட்டி வயிறாச்சே, கடிச்சுத் திங்க விடுவேனா? பால், பழம், முந்திரி, ஐஸ்கிரீம் எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு, டம்ளர் டம்ளராக் கொடுக்கறேன்.”

மருத்துவர் சிரித்துவிட்டார். “கத்தி வேண்டாம், அந்த மிக்ஸியை நிறுத்துங்க. அரைச்சுக் குடிச்சா வயித்துல நிக்காது, பசி அடங்காது, உடம்பு மட்டும் ஏறும்.”

அவள் கணவரை முறைத்தாள். “இது உங்களுக்குத் தெரியுமா?”

“ஆபரேஷன் முடிஞ்சப்பவே சொன்னாங்க,” என்றார் அவர். “நீ ஆசையா நீட்டுற டம்ளரை வேண்டாம்னு சொல்றதவிட, இன்னொரு ஆபரேஷனே சுலபமாத் தெரிஞ்சுது.”