வீட்டுத் துப்பறிவாளர் ஏகாம்பரம்

ஏகாம்பரத்தின் வீட்டு டிவி, வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு, சாயங்காலமானால் அதிலிருந்தே ஒரு மர்மப் படம் தயாரித்துக் காட்டும். துப்பறிவாளர் எப்போதும் எழுபது தாண்டிய ஏகாம்பரம்தான். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற மனிதர், படத்தில் ஒற்றைத் தலைமுடியை வைத்தே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிணமாகக் கிடப்பது மனைவி வத்சலாவின் வேலை.

"இன்னிக்கும் என்னைக் கொன்னாச்சா?" அடுக்களையிலிருந்து வத்சலா கேட்டாள்.

"ஆச்சு. கொலைகாரனைத்தான் காணோம்."

படத்து ஏகாம்பரம் பிணத்தருகே குந்தியிருந்தார். "இது கொலையே இல்ல," என்றார். "ஒரு வாரமா மாடிப்படியில பாதியில நின்னு மூச்சு வாங்கினா. இடது தோளைப் பிடிச்சுவிட்டுக்கிட்டா. ஊறுகாய் பாட்டிலைக்கூடத் திறக்க முடியல. புருஷன் டிவி பார்த்துக்கிட்டிருந்தார்."

சொல்லிவிட்டு, திரையிலிருந்து நேராக சோபாவைப் பார்த்தார்.

சோபாவிலிருந்த ஏகாம்பரம் சிரித்தார். டிவிக்கு வரவரக் கதைப் பஞ்சம்.

"என்னங்க, இந்த ஊறுகாய் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்."

படங்களில் அவர் வந்து சேர்வது எப்போதும் பிணம் விழுந்த பிறகுதான். இன்று வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார்.

வத்சலா இடது தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.